21 கியர் என்பது உண்மையில் எத்தனை?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். இதுவரை கியர் இல்லாத சைக்கிளையே ஓட்டி வந்திருக்கிறீர்கள். தினமும் போகும் வழியில் ஒரு மேம்பாலமும், அதைத் தாண்டியதும் நீளமான ஓர் ஏற்றமும் இருக்கின்றன. கடையில் 7 கியர் வண்டி ஒன்றையும் 21 கியர் வண்டி ஒன்றையும் காட்டியிருக்கிறார்கள். கியர் அதிகமுள்ளதை எடுத்தால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது அது வெறும் எண்ணிக்கைதானா என்பது உங்கள் சந்தேகம். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கியர் வேண்டுமா என்பது ஒன்று, எத்தனை கியர் வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தயக்கமின்றிப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதைச் சற்றுத் திருத்திக் கேட்டால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும். பல ஆண்டுகளாகச் சைக்கிள் பழுதுபார்த்தும், நாள்தோறும் ஓட்டியும் வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். பந்தய வீரனாக நான் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கியர் என்ன செய்கிறது என்பதை ஒரே அளவால் புரிந்துகொள்ளலாம்: பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி எத்தனை மீட்டர் நகர்கிறது என்பதுதான் அது. முன்னால் உள்ள செயின்வீலின் பற்களைப் பின்னால் உள்ள ஃப்ரீவீலின் பற்களால் வகுத்து, வரும் விகிதத்தைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் விடை வந்துவிடும். கியர் இல்லாத வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 2.44, சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறத்தாழ 5.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்குப் பதினெட்டரை கிலோமீட்டர் வேகம் கிடைக்கிறது. சமதரையில், காற்று எதிர்க்காத நாளில், இதைவிட அதிகமாக எதுவும் தேவையில்லை என்று பலர் ஆயுள் முழுவதும் ஓட்டியிருப்பதில் வியப்பொன்றும் இல்லை.

அதே வண்டியை நூற்றுக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், புவியீர்ப்பையும் டயரின் உருளும் தடையையும் மீற மட்டுமே சக்கரம் தரையை ஏறத்தாழ 72 நியூட்டன் விசையோடு பின்னுக்குத் தள்ள வேண்டும். பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டர் என்று வைத்துப் பார்த்தால், பெடலில் சராசரியாக 35 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் தொடர்ந்து தேவைப்படுகிறது. கால் ஒரே சீராக அழுத்துவதில்லை; ஒவ்வொரு மிதியிலும் அழுத்தம் ஏறி இறங்குகிறது; ஆகவே உச்சத்தில் அது 55 கிலோவைத் தாண்டிவிடும். அதாவது, இருக்கையை விட்டு எழுந்து உடம்பு முழுவதையும் ஒவ்வொரு பெடலின் மேலும் மாற்றி மாற்றிப் போட்டால்தான் வண்டி நகரும். கியர் இல்லாத சைக்கிளில் ஏற்றத்தில் எல்லோரும் எழுந்து நின்று மிதிப்பதற்கும், பாதியில் இறங்கித் தள்ளுவதற்கும் காரணம் இதுதான். உடல் பலவீனம் காரணமன்று. இனி, முன்னால் 24 பல்லும் பின்னால் 28 பல்லும் உள்ள கியரில் இதே ஏற்றத்தில் ஏறினால் ஒரு சுற்றுக்கு வண்டி 1.8 மீட்டர் மட்டுமே நகரும். பெடலில் வேண்டிய சராசரி அழுத்தம் 12 அல்லது 13 கிலோவாகக் குறைந்துவிடும். நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு ஆறரை கிலோமீட்டர் வேகத்தில், உட்கார்ந்தபடியே, ஏறிவிடலாம். செய்யும் மொத்த வேலை குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே உயரத்துக்கு அதே எடையைத்தான் ஏற்றுகிறீர்கள். தசைக்குத் தாங்கும் அளவான சிறு சிறு தவணைகளாக அந்த வேலை பிரிக்கப்படுகிறது. எனவே உங்கள் வழியில் உள்ள ஏற்றம் உண்மையான ஏற்றம் என்றால், கியர் தேவை என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

இந்தக் கணக்கில் பயன் தந்தது கியர்களின் எண்ணிக்கை அன்று, மிகத் தாழ்ந்த அந்த ஒரு கியர். ஆகவே ஒரு வண்டியைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை, எத்தனை கியர் என்பதற்கு முன்னால், மூன்று: மிகத் தாழ்ந்த கியர் எவ்வளவு தாழ்ந்தது, மிக உயர்ந்தது எவ்வளவு உயர்ந்தது, இடையில் உள்ள படிகள் எவ்வளவு உயரம். இந்த மூன்றும் முடிவானால் எண்ணிக்கை தானாக வந்து விழும்.

இப்போது கடைக்காரர் சொன்ன 21-ஐ எடுத்துக்கொள்வோம். அது முன்னால் 3, பின்னால் 7 என்பதன் பெருக்கல். பரவலாகக் காணப்படும் அமைப்பு ஒன்றில் முன்னால் 42, 34, 24 பற்களும், பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28 பற்களும் இருக்கும். ஒரு தாளில் 21 வகுத்தல்களையும் போட்டுப் பாருங்கள். 42-ஐ 28-ஆல் வகுத்தால் 1.5, 24-ஐ 16-ஆல் வகுத்தாலும் அதே 1.5. முன்னால் பெரியதும் பின்னால் 24-ம் என்றால் 1.75, நடுவில் உள்ளதும் 20-ம் என்றால் 1.70, சிறியதும் 14-ம் என்றால் 1.71, காலுக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுகிறவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 14. அந்தப் பதினான்கையும் வரிசைப்படி ஏறி இறங்க வேண்டுமானால் இரண்டு கைகளாலும் முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். அப்படி ஓட்டும் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மேலும், முன்னால் பெரிய பல்லும் பின்னால் பெரிய பல்லும், அல்லது இரண்டிலும் மிகச் சிறியதும் என்று போட்டால் செயின் கோணலாக இழுபட்டு உரசும், தேயும். அவற்றைத் தவிர்க்கும்படி எல்லா மெக்கானிக்குகளும் சொல்வார்கள்.

மற்றொரு சான்று என் பணிமேசையிலேயே கிடைக்கிறது. சில ஆண்டுகள் ஓடிய 21 கியர் வண்டியின் ஃப்ரீவீலைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால், அதன் சொந்தக்காரர் எப்படி ஓட்டினார் என்பதைப் படித்துவிடலாம். பெரும்பாலும் நடுவில் உள்ள இரண்டு மூன்று பற்சக்கரங்கள்தான் சுறாமீன் துடுப்புபோலச் சாய்ந்து தேய்ந்திருக்கும். மற்றவை ஏறத்தாழப் புதிதாக இருக்கும். முன்னால் உள்ள சிறிய செயின்வீலில் ஆலையில் பூசிய கறுப்புச் சாயம்கூடப் பல வண்டிகளில் உரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். 21-க்குக் காசு கொடுத்தவர் நான்கைத்தான் ஓட்டியிருக்கிறார். இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு: மலைப்பாங்கான பகுதியில் ஓடும் வண்டிகளில் அந்தச் சிறிய செயின்வீல் மற்ற இரண்டையும்விட மோசமாகத் தேய்ந்து வருகிறது. ஆகவே அது வீண் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஓட்டும் தரைதான் அதை முடிவு செய்கிறது.

7 கியர் வண்டியைப் பற்றியும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். முன்னால் ஒரே 42 பல், பின்னால் 14 முதல் 28 வரை என்றால், உயர்ந்த கியர் தாழ்ந்த கியரைப்போல் இரண்டு மடங்குதான், தாழ்ந்தது 1.5-இல் நின்றுவிடுகிறது. மேம்பாலத்துக்கு அது போதும், நீண்ட ஏற்றத்துக்குப் போதாது. ஆனால் அதே 7 கியரில் பின்னால் 14 முதல் 34 வரை உள்ள ஃப்ரீவீலும் முன்னால் 38 பல்லும் இருந்தால் விகிதம் 2.7-இல் தொடங்கி 1.1 வரை இறங்கும். மேலே நிமிடத்துக்கு 80 சுற்றில் மணிக்கு 27 கிலோமீட்டர் வேகம். கீழே ஏற்றத்தில் உட்கார்ந்து ஏறும் அளவுக்குத் தாழ்வு. இரண்டும் 7 கியர்தான், ஆனால் ஓட்டும்போது வேறு வேறு வண்டிகள். இந்த ஃப்ரீவீலுக்கு ஒரு குறை உண்டு: 24 பல்லிலிருந்து நேராக 34-க்குத் தாவுகிறது. நிமிடத்துக்கு 75 சுற்று மிதித்துக்கொண்டிருப்பவர் அதே வேகத்தில் மாற்றினால் கால் திடீரென்று 106 சுற்றுக்கு ஓட வேண்டியிருக்கும். பெடலில் பிடிமானமே இல்லாததுபோல் ஒரு கணம் தோன்றும். ஏற்றத்தில் வேகம் சட்டென்று குறைந்துவிடுவதால் இது அவ்வளவாக உறுத்துவதில்லை என்பது என் அனுபவம்.

எண்ணிக்கையின் உண்மையான வேலை இங்கேதான் வருகிறது. தாழ்வுக்கும் உயர்வுக்கும் இடையே உள்ள தொலைவு நிலையாக இருக்கும்போது, அதிக கியர் என்பது படிகளைச் சிறிதாக்குகிறது. படி சிறிதாக இருப்பதன் அருமை யாருக்கு என்றால், நீண்ட தொலைவைக் கூட்டமாக ஒரே வேகத்தில் ஓட்டுபவர்களுக்கு. கூட்டம் மணிக்கு 36 கிலோமீட்டரில் போகிறது என்றால் நீங்களும் அதே வேகத்தில்தான் போக வேண்டும். கால் சுழற்சியை மட்டுமே உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ள முடியும். பந்தய வண்டிகளில் பின்னால் 10 பற்சக்கரங்கள் இருந்த காலத்தில் பெரிய பற்களின் பக்கம் 21, 24, 28 என்று முடிந்த ஓர் அமைப்பு, 11 ஆனபோது 21, 23, 25, 28 ஆனது. அந்த ஒரு கூடுதல் பற்சக்கரம் செய்தது அவ்வளவுதான்: நீண்ட மலையேற்றத்தில் 24 சற்றுக் கனமாகவும் 28 சற்று இலகுவாகவும் தோன்றுபவருக்கு நடுவில் ஓர் இருக்கை போட்டது. பல மணி நேரம் ஏறுபவர் அதை நன்றியோடு உணர்வார். பத்து நிமிடம் ஓட்டுபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சிறு படிகள் சாதாரண ஓட்டுநரை எவ்வளவு வேகப்படுத்துகின்றன என்பதை என்னால் உறுதியாகக் கூற இயலாது. ஆறுதலாக உணர வைக்கின்றன என்று மட்டும் சொல்வேன். மனித உடல் தனக்கு உகந்த சுழற்சியைச் சுற்றி சற்று அகலமான எல்லைக்குள் ஏறத்தாழ ஒரே திறனோடு வேலை செய்கிறது. 90 சுற்றில் மிதித்துக்கொண்டிருப்பவரை 15 விழுக்காட்டுப் படி ஒன்று 78-க்குக் கொண்டுவந்துவிட்டால் குடி முழுகிவிடாது.

கியர் எண்ணிக்கை வளர்ந்த கதையில் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் டெரெய்லர் என்னும் கியர் மாற்றும் கருவியை வீரர்கள் எல்லோரும் பயன்படுத்த 1937-இல்தான் வழி பிறந்தது. அதற்கு முன் பின்சக்கரத்தின் இரு புறமும் வெவ்வேறு பற்சக்கரங்களைப் பொருத்தி, மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். இரண்டே கியருக்காக வீரர்கள் வண்டியை நிறுத்தி அத்தனை பாடுபட்டார்கள் என்பதை நினைக்கும்போது, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது 11-இலிருந்து 12-க்குப் போவதைவிட எவ்வளவு பெரிய தாவல் என்பது விளங்கும். 2012-இல் முன்னால் ஒரே செயின்வீலோடு பின்னால் 11 பற்சக்கரம் கொண்ட மலைச் சைக்கிள் அமைப்பை ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்தபோது, 10 முதல் 42 பல் வரை விரிந்த ஒரு கேசட் (பின்னால் உள்ள பற்சக்கரங்களின் அடுக்கு) மட்டுமே 420 விழுக்காடு பரப்பைத் தந்தது; அதாவது உயர்ந்த கியர் தாழ்ந்ததைப்போல் 4.2 மடங்கு. மேலே சொன்ன 21 கியர் வண்டியின் பரப்பு 350 விழுக்காடுதான். அதாவது, மொத்தக் கியர் எண்ணிக்கை 21-இலிருந்து 11 ஆகக் குறைந்திருக்க, பரப்பு கூடியிருக்கிறது. பின்னால் எண்ணிக்கை கூடுவதற்கு நியாயமான காரணம் இருக்கும் இடம் இதுவே: முன்னால் உள்ளவற்றை எடுத்துவிட்டு, அந்தப் பரப்பு முழுவதையும் பின்னால் இடைவெளி அதிகமில்லாமல் நிரப்புவது.

ஆனால் ஒவ்வொரு கூடுதல் பற்சக்கரத்துக்கும் எங்கோ ஒரு விலை உண்டு. பின்சக்கரத்தின் ஹப்பில், அதாவது நடுவில் உள்ள உருளையில், இருக்கும் இடம் அளவானது. 7 பற்சக்கரங்கள் இருந்தபோது ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 5 மில்லிமீட்டர் இருந்தது. 10 ஆனபோது அது 4 மில்லிமீட்டருக்கும் குறைந்தது. செயினின் அகலமும் 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்ததிலிருந்து 6-க்கும் கீழே வந்தது. இதன் விளைவு பட்டறையில் கண்கூடாகத் தெரியும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்து, டெரெய்லரைத் தாங்கும் அந்தச் சிறிய கொக்கி இம்மி வளைந்தால், 7 கியர் வண்டி அதைப் பொருட்படுத்தாமல் ஓடும்; 11 கியர் வண்டி கடகடவென்று புலம்பும், நடுவில் தானாகவே பல் தாவும். கேபிளின் முனையில் உள்ள சிறு திருகைக் கால் சுற்று திருப்பினால் ஒன்று சரியாகிவிடும். மற்றதில் அதே கால் சுற்று புதிய தொல்லையைக் கிளப்பிவிடும். பற்சக்கரங்களுக்கு இடம் விட்டு வலப்பக்க ஸ்போக்குகளின் விளிம்பு உள்ளே தள்ளப்பட்டிருப்பதால், அந்தப் பக்க ஸ்போக்குகள் செங்குத்தாகவும் அதிக இழுப்போடும் நிற்க, இடப்பக்க ஸ்போக்குகள் தளர்வாக நிற்கின்றன. கோட்டம் எடுக்க வரும் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட எப்போதும் அதிகமாக இருப்பதற்குப் பளுவோடு இதுவும் ஒரு காரணம். மெல்லிய செயின் விரைவில் தேயும் என்று பரவலாகச் சொல்வதை மட்டும் நான் முழுமனதோடு ஏற்கமாட்டேன். நல்ல எஃகும் நல்ல பூச்சும் உள்ள மெல்லிய செயின்கள், மட்டமான தடித்த செயினைவிட நீண்ட நாள் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். துடைத்து எண்ணெய் விடும் பழக்கம்தான் அகலத்தைவிட அதிகமாகத் தீர்மானிக்கிறது என்பது என் ஊகம்.

ஹப்பின் உள்ளேயே கியர் இருக்கும் வகையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் பழைய மூன்று கியர் ஹப் ஒன்றில் நடுக்கியரில் சக்கரமும் பற்சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலும்; தாழ்ந்தது அதில் 75 விழுக்காடு, உயர்ந்தது 133 விழுக்காடு. மேம்பாலத்தையும் எதிர்காற்றையும் சமாளிக்க அது போதுமானது. சிக்னலில் நின்ற பிறகும் கியரைக் குறைக்கலாம் என்பது நகரத்தில் ஓட்டுபவருக்குப் பெரிய வசதி. டெரெய்லரில் மிதித்துக்கொண்டே இருந்தால்தான் மாறும். மறுமுனையில் ரோலாஃப் நிறுவனத்தின் ஹப் 14 கியர்களையே கொண்டு 526 விழுக்காடு பரப்பைத் தருகிறது. எல்லாப் படிகளும் ஏறத்தாழ 13.6 விழுக்காடு, ஒன்றுகூட இன்னொன்றின் நகல் இல்லை. எடையும் விலையும் அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் விஷயம். உங்கள் ஏற்றத்தின் சரிவை நான் பார்க்கவில்லை. அதை நீங்களே அளக்க ஒரு வழி இருக்கிறது. இப்போதைய வண்டியில் உட்கார்ந்தபடியே அதன் உச்சிவரை ஏற முடிகிறதா, எழுந்து நின்றால் முடிகிறதா, இறங்கித் தள்ளுகிறீர்களா? உட்கார்ந்தே ஏறிவிட முடிந்தால் 7 கியர் தாராளம். எழுந்து நின்று ஏறுகிறீர்கள் என்றால் 7 கியரில் பின்னால் பெரிய பல் 32 அல்லது 34 இருப்பதைத் தேடுங்கள். தள்ளுகிறீர்கள் என்றால் விகிதம் 1-க்குக் கீழே இறங்கும் வண்டி வேண்டும், அது 21 கியராக இருந்தாலும் சரி, முன்னால் ஒரே 34 பல்லும் பின்னால் 11 முதல் 36 வரையுமான 9 கியராக இருந்தாலும் சரி. இரண்டும் ஒரே தரத்தில் கிடைத்தால் நான் அந்த 9-ஐத்தான் எடுப்பேன். அதன் உயர்ந்த கியர் 3.1, தாழ்ந்தது 0.94, அந்த 21 கியரின் பரப்பில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடுகிறது, படிகள் 13 முதல் 20 விழுக்காட்டுக்குள் நிற்கின்றன, இடக்கைக்கு பிரேக்கைத் தவிர வேறு வேலை இல்லை. முழங்காலில் ஏற்கெனவே வலி இருந்தால் தாழ்ந்த கியர் பக்கமே சாயுங்கள், ஆனால் அந்த வலிக்குக் காரணம் என்ன என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். இருக்கை உயரம் சரியில்லாத வண்டியில் எத்தனை கியர் இருந்தாலும் முழங்கால் வலிக்கும்.

கடைக்குப் போகும்போது வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். குனிந்து, முன்னால் மிகச் சிறிய செயின்வீலின் பற்களையும், பின்னால் மிகப் பெரிய பற்சக்கரத்தின் பற்களையும் விரலால் எண்ணுங்கள். எண்ணத் தொடங்கிய பல்லில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் தவறாது. பல இடங்களில் அந்த எண் பற்சக்கரத்தின் பக்கவாட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் தெரியும். பின்னால் உள்ளது முன்னால் உள்ளதைவிடப் பெரியதாகவோ சமமாகவோ இருந்தால் அந்த வண்டி உங்கள் ஏற்றத்தை ஏறும். பிறகு, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கையால் பெடலைச் சுற்றி ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு சொடுக்குக்கு ஒரு பல் என்று தயங்காமல் மாறாத 21 கியரை விட, மாறும் 7 கியரையே எடுத்துக்கொள்ளுங்கள்.